கைமாறாத வெள்ளி: அமெரிக்காவின் 20 சென்ட் ப்ரூஃப் காசுகள்

அமெரிக்காவில் 20 சென்ட் மதிப்பில் ஒரு வெள்ளிக் காசு இருந்தது. 1875-இல் வந்தது, 1878 மே 2 அன்று சட்டம் போட்டு நிறுத்தப்பட்டது. அதில் பொறிக்கப்பட்ட ஆண்டுகள் நான்கே. அவற்றில் முதல் இரண்டு ஆண்டுக் காசுகள்தான் மக்கள் கைக்குப் போயின. 1877, 1878 என்று ஆண்டு போட்டவை முழுக்க முழுக்கச் சேகரிப்பாளர்களுக்கென அடிக்கப்பட்ட ப்ரூஃப்கள், அதாவது கண்ணாடி மெருகோடு ஒவ்வொன்றாக அடித்த காசுகள். 1877-க்கு 510, 1878-க்கு 600. ஏலப் பட்டியல்களில் முதலில் கண்ணில் படுவதும் இந்த இரண்டு எண்கள்தான்.

எண்ணைப் பார்த்ததும் கை பரபரக்கும். ஆனால் எத்தனை அடித்தார்கள் என்ற கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் காசை வாங்கப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இங்கே உண்மையான அரிது வேறிடத்தில் இருக்கிறது. அது புரிய வேண்டுமானால் காசு ஏன் பிறந்தது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

1873-இல் வந்த நாணயச் சட்டம் அமெரிக்க வெள்ளிக் காசு வரிசையைப் பலமாக வெட்டியது. வழக்கமான வெள்ளி டாலர் நின்றது. ஐந்து சென்ட் வெள்ளிக் காசும் மூன்று சென்ட் வெள்ளிக் காசும் அதோடு போயின. அதே காலத்தில் நெவாடாவின் காம்ஸ்டாக் சுரங்கங்களிலிருந்து வெள்ளி கொட்டிக்கொண்டிருந்தது. ஜெர்மனி தங்கத்துக்கு மாறியதால் உலகச் சந்தையில் வெள்ளிக்குக் கிராக்கியும் குறைந்தது. வெள்ளியை வாங்கிக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்ற நெருக்கடி சுரங்க முதலாளிகளுக்கு. நெவாடாவின் செனட்டர் ஜான் பெர்சிவல் ஜோன்ஸ், காம்ஸ்டாக்கின் கிரவுன் பாயின்ட் சுரங்கத்தில் பெரும் செல்வம் சேர்த்தவர். 1874 பிப்ரவரியில் 20 சென்ட் காசுக்கான மசோதாவைக் கொண்டுவந்தவர் அவர்தான். 1875 மார்ச் 3-இல் குடியரசுத் தலைவர் யுலிசீஸ் கிரான்ட் கையெழுத்திட்டார்.

மசோதாவுக்குச் சொல்லப்பட்ட காரணம் சுரங்கம் அல்ல, சில்லறைத் தட்டுப்பாடு. அதுவும் பொய்யில்லை. மேற்கு மாநிலங்களில் அன்று ஒரு சென்ட் செப்புக் காசையும் நிக்கல் காசையும் யாரும் மதிக்கவில்லை, அங்கே புழங்கியது தங்கமும் வெள்ளியும்தான். ஐந்து சென்ட் வெள்ளிக் காசு நின்றபின் பத்து சென்ட்டுக்குக் கீழே கையில் எடுக்க எதுவும் இல்லை. விலைகளோ பழைய ஸ்பானிய வழக்கப்படி ‘பிட்’ கணக்கில், அதாவது பன்னிரண்டரை சென்ட் கணக்கில் சொல்லப்பட்டன. ஒரு பிட்டுக்குச் சாமான் வாங்கியவர் 25 சென்ட் நீட்டினால் மீதியாகப் பத்து சென்ட்தான் திரும்பி வரும். இரண்டரை சென்ட் அப்படியே போச்சு. 20 சென்ட் காசு இருந்தால் அதைக் கொடுத்துப் பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், நஷ்டம் இல்லை என்பது ஜோன்ஸின் வாதம்.

அந்த வாதம் எனக்கு இன்றுவரை பிடிபட்டதில்லை. பத்து சென்ட் காசு இரண்டைப் பையில் போட்டு வைத்திருந்தவருக்கு அந்தக் கஷ்டமே கிடையாது. இருபதாக ஒரே காசு வேண்டும் என்ற அவசியம் எங்கிருந்து வந்தது? இல்லாமல் போனது ஐந்து சென்ட். அதைத் திரும்பக் கொண்டுவந்திருந்தால் சிக்கல் அன்றே தீர்ந்திருக்கும்.

அடுத்த தவறு வடிவத்தில் நடந்தது. தலைமைச் செதுக்குநர் வில்லியம் பார்பர், அப்போது வணிக டாலர் (ஆசிய வணிகத்துக்கென அடித்த வெள்ளி டாலர்) தவிர மற்ற வெள்ளிக் காசுகளில் இருந்த அமர்ந்த சுதந்திர தேவியின் உருவத்தையே முன்பக்கத்தில் வைத்தார். அது கிறிஸ்டியன் கோப்ரெக்ட் 1830-களில் செதுக்கிய பழைய உருவம். பின்பக்கத்தில் வணிக டாலரின் கழுகைச் சுருக்கியது போன்ற ஒரு கழுகு. காசின் குறுக்களவு 22 மில்லிமீட்டர். 25 சென்ட்டுக்கு 24.3. எடை 5 கிராம், அதற்கு ஆறேகால். ஒரே முகம், ஒரே வெள்ளி, இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் வித்தியாசம். பிரித்தறியத்தான் விளிம்பை வரியில்லாமல் வழவழப்பாக விட்டார்கள். ஆனால் கடைக்காரர் கல்லாவில் காசை எறியும்போது விளிம்பைத் தடவிப் பார்ப்பதில்லை. இருபதை இருபத்தைந்தாக வாங்கி ஏமாந்தவர்கள் இந்தக் காசைத் திரும்பத் தொடவில்லை.

இது முன்கூட்டியே தெரிந்திருக்கக் கூடியதுதான். வடக்கே கனடா மாகாணம் 1858-இல் 20 சென்ட் காசு அடித்தது, அந்த ஒரே ஆண்டோடு சரி. பக்கத்து நாட்டின் 25 சென்ட்டோடு குழம்பியதால் அதைக் கைவிட்டு, 1870-இல் 25 சென்ட்டே அடிக்கத் தொடங்கியது. அன்று கனடாவில் சேராத நியூஃபவுண்ட்லாந்தில் மட்டும் 20 சென்ட் 1865 முதல் 1912 வரை நிலைத்தது. காரணம், அங்கே சொந்தமாக 25 சென்ட் காசு கிடையாது. கனடாவின் 25 அங்கேயும் பரவிய பிறகு, 1917-இல் அதுவும் 25-க்கு மாறியது. இருபதும் இருபத்தைந்தும் ஒரே கல்லாவில் சேர்ந்து வாழாது என்று மூன்று இடங்களில் நிரூபணமாகிவிட்டது.

முதல் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலை 11,55,000 காசுகள் அடித்தது. நெவாடாவின் கார்சன் சிட்டி 1,33,290. பிலடெல்பியா நாற்பதாயிரத்துக்கும் குறைவு, ஏனெனில் கிழக்கே அப்போது சில்லறை வேலையைக் காகித நோட்டுகள் பார்த்துக்கொண்டிருந்தன. 1876-இல் சான் பிரான்சிஸ்கோ அடிக்கவே இல்லை. மற்ற இரண்டு சாலைகளும் சேர்ந்து இருபத்தைந்தாயிரத்தை ஒட்டி நின்றன. இப்படிக் காசு தானாகவே அடங்கிக்கொண்டிருந்தபோது, 1878 பிப்ரவரி கடைசியில் பிளான்ட்-அலிசன் சட்டம் வந்து, அரசு மாதாமாதம் பெருமளவு வெள்ளி வாங்கி டாலர் அடிக்க வேண்டும் என்றாக்கியது. வெள்ளிக்கு அதைவிடப் பெரிய வாசல் திறந்தபின் 20 சென்ட்டுக்காக வாதாட யாருக்கும் தேவை இருக்கவில்லை. இரண்டே மாதத்தில் அதன் கணக்கு முடிந்தது.

ஆனால் புழக்கத்துக்கு அடிப்பது நின்றபோதும் பிலடெல்பியாவில் ப்ரூஃப் அடிப்பது நிற்கவில்லை. சட்டப்படி நாட்டில் உள்ள ஒவ்வொரு மதிப்பிலும் ஒரு ப்ரூஃப் என்று வெள்ளிக் காசுத் தொகுப்பை நாணயச்சாலை ஆண்டுதோறும் சேகரிப்பாளர்களுக்கு விற்றுவந்தது. 20 சென்ட் சட்டத்தில் இருக்கும்வரை தொகுப்பிலும் இருந்தாக வேண்டும்.

510 என்ற எண் இங்கிருந்துதான் வருகிறது. 1877-இன் பத்து சென்ட், 25 சென்ட், அரை டாலர், வணிக டாலர் எதை எடுத்தாலும் ப்ரூஃப் கணக்கு அதே 510. ஆக அந்த ஆண்டு விற்ற வெள்ளித் தொகுப்புகளின் எண்ணிக்கை அது. (பழைய பட்டியல்கள் 1877 இருபது சென்ட்டுக்கு 350 என்றே சொல்லிவந்தன, பின்னர் திருத்தப்பட்டது.) 1878-ஐப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். பத்து சென்ட்டும் 25 சென்ட்டும் அரை டாலரும் 800, இருபது சென்ட் மட்டும் 600. மே மாதம் காசு ஒழிக்கப்பட்டதுதான் காரணம் என்பது என் கணிப்பு: அதற்கு முன் தொகுப்பு வாங்கியவர்களுக்கு இருபது கிடைத்தது, பின்னால் வந்தவர்களுக்கு இல்லை. ஒரு சட்டத்தின் தேதி இருநூறு காசு வித்தியாசமாகக் கணக்கில் பதிந்து கிடக்கிறது. இந்த இடம்தான் இந்தத் தொடரில் எனக்கு மிகப் பிடித்தது.

இப்போது அரிது என்ற கேள்விக்கு வரலாம். பக்கத்தில் வைத்து ஒப்பிட 1876 கார்சன் சிட்டி காசு இருக்கிறது. அடித்தது 10,000. ஆனால் 1877 மே மாதம் நாணயச்சாலை இயக்குநர் ஹென்றி லிண்டர்மன், கார்சன் சிட்டியில் தேங்கிக் கிடந்த 20 சென்ட் காசுகளை உருக்கச் சொல்லி உத்தரவிட்டார். வெளியே போகாமல் சாக்கில் கிடந்த 1876 காசுகளில் கிட்டத்தட்ட எல்லாமே உலைக்குப் போயின. இன்று தெரிந்தவை இருபதை ஒட்டித்தான். ஆண்டுதோறும் தரம் பார்க்கப் பிலடெல்பியாவுக்கு அனுப்பிய மாதிரிக் காசுகள்தான் அப்படித் தப்பின என்பது பரவலான கருத்து. ஏலத்தில் இவை பல லட்சம் டாலர் போகும்.

பத்தாயிரம் அடித்ததில் இருபது மிச்சம், 510 அடித்ததில் சில நூறு மிச்சம். ஏனென்றால் 1877 ப்ரூஃபை வாங்கியவர் அதைப் பத்திரப்படுத்தவே வாங்கினார். பிறந்த நாளிலிருந்தே பெட்டிக்குள் இருந்த காசு அது. 1875, 1876 ப்ரூஃப்களின் கதை கொஞ்சம் வேறு. இரண்டு ஆண்டுகளிலும் ஆயிரத்துக்கு மேல் அடித்தார்கள். விற்காதவை செலவுக்குப் போவதும் உண்டு. அதனால் மழுங்கிப்போன ப்ரூஃப்களும் சந்தையில் வரும். 1877, 1878-இலும் தேய்ந்த காசு கண்ணில் படும். யாரோ பேரனோ திருடனோ கடையில் கொடுத்துவிட்ட காசாக இருக்கலாம். எவ்வளவு தேய்ந்தாலும் அந்த இரண்டு ஆண்டுக் காசு ப்ரூஃப்தான், ஏனென்றால் அந்த ஆண்டுகளில் வேறு எதுவும் அடிக்கப்படவே இல்லை.

எனவே 1877 ப்ரூஃப் கிடைக்காத பொருள் அல்ல. பணமும் பொறுமையும் இருந்தால் பெரிய ஏலங்களில் எப்படியும் ஒன்று வந்து சேரும். கிடைக்காதது, யாரும் துடைக்காத 1877 ப்ரூஃப்.

ஏன் என்பது ப்ரூஃப் செய்யும் விதத்திலேயே இருக்கிறது. அச்சின் சமதளப் பகுதியைக் கண்ணாடி போல மெருகேற்றுவார்கள். காசாகப் போகும் வெள்ளி வில்லையையும் மெருகேற்றி, பதக்கம் அடிக்கும் அச்சுப்பொறியில் ஒவ்வொன்றாக, நிதானமாக, கூடுதல் அழுத்தத்தில் அடிப்பார்கள். தேவியும் கழுகும் அச்சில் குழிவாக இருப்பதால் மெருகு அந்தக் குழிக்குள் எட்டாது. அங்கே புது அச்சின் மெல்லிய சொரசொரப்பு அப்படியே நிற்கும். விளைவாகக் காசில் பின்புலம் கறுத்த கண்ணாடியாகவும் உருவம் பனி படிந்த வெண்மையாகவும் தெரியும். சேகரிப்பாளர்கள் ‘கேமியோ’ என்பது இதைத்தான். அச்சு உழைக்க உழைக்க அந்தப் பனி கரைந்துவிடும், மறுபடி மெருகு போட்டால் இன்னும் கரையும். ஆக ஒரே ஆண்டின் முதல் சில காசுகளுக்கும் பின்னால் அடித்தவற்றுக்கும் அழகில் நிறைய வித்தியாசம் இருக்கும்.

அந்தக் கண்ணாடிப் பரப்பு ஒரு துணி பட்டாலே கீறிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளிப் பாத்திரத்தை விளக்குவது போலக் காசையும் விளக்கி வைப்பது தவறாகக் கருதப்படவில்லை. மர அலமாரியில் திறந்து கிடக்கும் காசு கறுக்கும், சேகரிப்பாளர் துடைப்பார். நூற்றைம்பது ஆண்டில் நான்கைந்து தலைமுறை கை மாறும்போது ஒரே ஒருவர் ஒரே ஒரு முறை துடைத்தால் போதும்.

பார்க்கும் முறை இது. காசை நேராக நீட்டி ஒளிப்படம் எடுத்தால் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். ஒற்றை விளக்கின் கீழ் காசை மெல்லச் சாய்த்துத் திருப்புங்கள். தேவியின் இருபுறமும் உள்ள வெற்றிடத்தில் ஒளி ஓடும்போது மயிரிழைக் கோடுகள் கூட்டமாக ஒரே திசையில் பளிச்சிட்டால் அது துடைத்த காசு. மெருகேற்றும்போது அச்சில் விழுந்த கோடுகளும் உண்டு, அவற்றைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அவை காசில் மேடாக நிற்கும், உருவத்தின் ஓரத்தில் சட்டென்று நின்றுவிடும். துடைத்த கோடு பள்ளமாக, உருவத்தின் மேலும் ஏறிச் செல்லும். ஒரு நல்ல உருப்பெருக்கியில் இரண்டையும் பிரித்துவிடலாம். அதன்பின் கேடயத்தின் மேல் ஓடும் பட்டையைப் பாருங்கள். அதிலுள்ள ‘லிபர்ட்டி’ என்ற எழுத்துகள், அக்காலத்தில் அதே உருவம் கொண்ட மற்ற மதிப்புக் காசுகளில் பள்ளமாக இருக்கும். இருபது சென்ட்டில் மட்டும் மேடாக நிற்கும். உரசல் முதலில் தாக்குவது அங்கேதான். ப்ரூஃப் ஒன்றை யாரோ பையில் போட்டு நடந்திருக்கிறார்களா என்பதை அந்த ஏழு எழுத்துகளே காட்டிக்கொடுக்கும்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாணயச்சாலை ப்ரூஃப்களை மெல்லிய காகிதத்தில் சுற்றித் தந்தது. காகிதத்திலும் காற்றிலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மேலே ஒரு படலம் உண்டாக்கும். படலம் மெல்லியதாக இருக்கையில் பொன்னிறம், தடிக்கத் தடிக்கச் செந்நீலம், பிறகு நீலம், கடைசியில் கருமை. ஓரத்தில் நீலமும் நடுவில் பொன்னுமாக, அடியில் கண்ணாடி பளபளக்கும் ஒரு பழைய ப்ரூஃப் கையில் வந்தால் அதைத் தொடக்கூடாது. அந்தப் படலம் அப்படியே இருப்பது காசை நெடுங்காலம் யாரும் சீண்டவில்லை என்பதற்கு நல்ல அடையாளம். தயோயூரியா கலந்த அமிலக் கரைசலில் ஒரு நொடி முக்கி எடுத்தால் காசு வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். படலத்தோடு சேர்ந்து வெள்ளியின் மேல்தோலும் கொஞ்சம் போய்விடும். இரண்டு மூன்று முறை முக்கினால் கண்ணாடி மங்கும், அதை யாராலும் திருப்பித் தர முடியாது. சந்தையில் பளீரென்ற வெள்ளைக் காசுக்கு இன்னமும் வரவேற்பு இருப்பது எனக்கு வருத்தமே. வாங்கிய பிறகும் இதே கவனம் வேண்டும்: மென்மையான பிவிசி உறைகள் நாளடைவில் பச்சைப் பிசுக்கை விடும், அது வெள்ளியை அரிக்கும். பிசுக்கு இருந்தால் சுத்தமான அசிட்டோன் போதும், அது உலோகத்தைத் தொடாது.

தரச்சான்று நிறுவனங்கள் வந்தபின் (பிசிஜிஎஸ் 1986, என்ஜிசி 1987) 70 புள்ளி அளவுகோலில் ப்ரூஃப்களுக்கும் எண் போட்டு, உறையில் அடைத்துத் தருகிறார்கள். போலி பயம் பெருமளவு தணிந்தது. ஆனால் அவர்கள் வெளியிடும் கணக்கை அப்படியே நம்பிவிடக் கூடாது. 64 வாங்கிய காசை, உறையை உடைத்து வெளியே எடுத்து, 65 கிடைக்குமா என்று திரும்பத் திரும்ப அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே காசு மூன்று தடவை கணக்கில் ஏறும். அதே 64-இல் ஒன்று துடைத்த வெள்ளையாகவும் இன்னொன்று தீண்டாத நீலப் பொன்னாகவும் இருக்கலாம். எண் ஒன்றுதான், காசு ஒன்றல்ல.

உறையில்லாமல் வரும் காசுக்குச் சில அடிப்படைச் சோதனைகள் உண்டு. எடை 5 கிராமை ஒட்டி இருக்க வேண்டும். 90 சதவீத வெள்ளி, மீதி செம்பு என்பதால் ஒப்படர்த்தி 10.3-ஐ ஒட்டி வரும். விளிம்பில் வரி இருந்தால் அதோடு கதை முடிந்தது. லிபர்ட்டி எழுத்து பள்ளமாக இருந்தாலும் அப்படியே. 1875, 1876 காசுகளின் கடைசி இலக்கத்தைச் செதுக்கி மாற்றி 1877, 1878 ஆக்கும் முயற்சியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அப்படி மாற்றிய காசுக்குப் புழக்கக் காசின் உடம்புதான் இருக்கும். கண்ணாடி பின்புலமும் சதுரமாக எழுந்து நிற்கும் விளிம்புக் கோடும் அதில் வராது.

1875, 1876-இல் இன்னொரு குழப்பம். புது அச்சில் முதலில் அடித்த புழக்கக் காசுகளும் ஓரளவு கண்ணாடி போலவே மின்னும். அவற்றை ப்ரூஃப் விலைக்கு விற்கப் பார்ப்பவர்கள் உண்டு. மினுமினுப்பை விட்டுவிட்டு அச்சடிப்பின் கூர்மையைப் பாருங்கள்: தேவியின் தலைமுடி, கழுகுச் சிறகின் மேல் ஓரம், காசின் ஓரத்தைச் சுற்றிலும் பல் போல வரிசையாக உள்ள சிறு மேடுகள். ப்ரூஃபில் இவை ஒன்றுவிடாமல் நிரம்பியிருக்கும், புழக்கக் காசில் எங்காவது சப்பையாக இருக்கும். சான் பிரான்சிஸ்கோவின் ‘எஸ்’ குறியிட்ட சில 1875 காசுகளையும் ப்ரூஃப் என்று சிலர் வகைப்படுத்துகிறார்கள். ப்ரூஃப் அடிப்பது பிலடெல்பியாவின் வேலையாக இருந்த காலம் அது. கூடுதல் விலை கொடுக்கும் அளவுக்கு எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

தொடர் மொத்தமே ஆண்டும் நாணயச்சாலையுமாக ஏழு காசுகள். அவற்றுள் 1876 கார்சன் சிட்டியைப் பெரும்பாலோர் ஆரம்பத்திலேயே மறந்துவிடுவது நல்லது. ப்ரூஃப் நான்கை மட்டும் இலக்காக வைத்தால் அது எட்டக்கூடிய, நிறைவான தொகுப்பு. வழக்கமாக 1875-இல் தொடங்குவார்கள், விலை குறைவு என்பதால். நான் சொல்வது 1878-லிருந்து. அதில் தேர்வு செய்ய ஓரளவு காசுகள் வரும்; புழக்கக் காசோடு குழம்பும் ஆபத்து இல்லை; துடைக்காத பரப்பு எப்படி இருக்கும் என்று கண் அதில் பழகிவிடும். அந்தக் கண்ணோடு 1875-க்கும் 1876-க்கும் திரும்பினால் ப்ரூஃப் எது, மினுக்கிய புழக்கக் காசு எது என்பது தானே பிரிந்து தெரியும். 1877-ஐக் கடைசிக்கு வையுங்கள். அதற்கு விலை அதிகம், அவசரப்பட்டு வாங்குகிறவர்களும் அதிகம். ஏலத்துக்கு வருவதில் பெரும்பகுதி யாரோ ஒரு காலத்தில் துடைத்ததாகவே இருக்கும், அவற்றை விட்டுவிட்டு அடுத்த ஏலத்துக்குக் காத்திருக்கலாம்.